லை, லே: எது கிடக்கும், எது கிடத்தும்?

ஆங்கிலத்தில் 'லே' என்பது நிகழ்காலமா இறந்தகாலமா, படுப்பதற்கு எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 'லே' நிகழ்காலமும்தான், இறந்தகாலமும்தான், ஏனென்றால் அங்கே இருப்பது இரண்டு வினைச்சொற்கள்: படுப்பதற்கும் கிடப்பதற்கும் லை (lie), வைப்பதற்கும் கிடத்துவதற்கும் லே (lay).

பள்ளியில் எனக்கு இதை வெறும் அட்டவணையாகத்தான் கொடுத்தார்கள். லை–லே–லேன், லே–லேடு–லேடு என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன், ஆனால் வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆன பிறகும் ஒரு மின்னஞ்சலில் இந்தச் சொல் வந்தால் கை நின்றுவிடும்.

போன மாதம் அக்கா மகள் 'த புக் இஸ் லேயிங் ஆன் த டேபிள்' என்று எழுதிச் சிவப்பு மையில் சுழி வாங்கி வந்தாள். "இதுல என்ன மாமா தப்பு?" புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இப்போ புத்தகம் என்ன செய்யுது?" என்றேன். "கிடக்குது." "நான் என்ன செஞ்சேன்?" "வெச்சீங்க." சரி, கிடப்பது லை, வைப்பது லே. அதனால் அவள் எழுத வேண்டியது 'லையிங்'.

நம் தன்வினை, பிறவினைதான் இது. கிட, கிடத்து, விழு, வீழ்த்து. 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் லே: கோழி முட்டையை இடுகிறது, கொத்தனார் செங்கல்லை அடுக்குகிறார், இரண்டும் லே. சிக்கல் எங்கே என்றால், லையின் இறந்தகாலம் அப்படியே லேயின் நிகழ்காலமாக இருக்கிறது. இதே கூத்து விழுவதைச் சொல்லும் ஃபாலிலும் (fall) உண்டு: ஃபாலின் இறந்தகாலம் ஃபெல், மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும் ஃபெல், அதன் இறந்தகாலம் ஃபெல்டு. பொய் சொல்லும் லை மட்டும் தனி ஆள், லைடு என்று ஒழுங்காகப் போய்விடும்.

அப்புறம், தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களே 'ஐ ஆம் கோயிங் டு லே டவுன்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பேச்சில் அதைக் கேட்டால் குழம்ப வேண்டாம், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'லை டவுன்' என்றே எழுதுங்கள். 'நேற்று மதியம் படுத்தேன்' என்பதற்கு 'ஐ லே டவுன்' சரியானதே, காதுக்குத்தான் கொஞ்சம் உறுத்தும். லையின் மூன்றாம் வடிவமான லேன் என்பதைப் பேச்சில் அரிதாகத்தான் கேட்பீர்கள், அந்த இடத்தில் 'ஐ ஹேவ் பீன் லையிங் டவுன்' என்று சொல்லிவிடலாம், நானும் அப்படித்தான் சொல்கிறேன்.