சளியின் நிறத்தைப் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சளிக்காய்ச்சல் வந்துபோய் 4 வாரம் ஆகிறது, இருமல் நிற்கவில்லை. காலையில் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிச் சளி வருகிறது. சில நாள் ரப்பர் துண்டு போலத் திரண்டு வருகிறது. இருமும்போது இடது மார்பில் சுருக்கென்று குத்துகிறது. மற்ற நேரத்தில் ஏதோ அடைத்தாற்போல இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். இப்போது லெவோஃபிளாக்சசின் கொடுத்திருக்கிறார்கள். ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக எடுக்கச் சொல்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது, டாக்டர்?

பதில்: அந்த லெவோஃபிளாக்சசின் அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நெஞ்சுதான் முதலில்.

நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இருமினால் மட்டும் குத்துகிறது, அந்த இடத்தை விரலால் அழுத்தினாலும் வலிக்கிறது என்றால், நான்கு வாரம் இருமி இருமி விலாத் தசை நொந்திருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். இருமாமல், மூச்சை ஆழமாக இழுத்தாலே குத்தினால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. ‘அடைத்தாற்போல’ என்கிறீர்களே, அது மாடி ஏறும்போது கூடி, உட்கார்ந்தால் குறைகிறதா? அப்படியானால் சளியை மறந்துவிட்டு இன்றே ஈ.சி.ஜி. எடுங்கள். அடைப்போடு வியர்வையோ, மூச்சுத்திணறலோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சரி, சளி. பச்சை என்றால் பாக்டீரியா, பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக் என்ற கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ, இத்தனை வருடமாகச் சொல்லியும் போகவில்லை. அந்தப் பச்சை நம் உடம்பின் சொந்த நிறம். கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களில் ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. வைரஸ் காய்ச்சலிலும் அந்த அணுக்கள் வரும். இரவெல்லாம் தேங்கி நிற்பதால் காலைச் சளியில் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். காய்ச்சலுக்குப் பின் வரும் மூச்சுக்குழாய் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. உங்களுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். பல வருடம் புகைபிடித்து நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்கள், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோனவர்கள், இவர்களுக்கு நிறம் முக்கியம். தினமும் சளி துப்புபவர்கள் இவர்கள். தங்கள் சளி வழக்கமாக எப்படி இருக்கும் என்று இவர்களுக்கே தெரியும். வெள்ளையாக வந்துகொண்டிருந்த சளி திடீரென்று பச்சையாகி, அளவும் கூடி, மூச்சும் வாங்கினால் இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். தாமதிக்கவும் கூடாது. ஆனால் அதையும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். நீங்கள் இந்தக் கூட்டத்தில் இல்லை என்றால் பச்சையைப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க வேண்டிய நிறங்கள் வேறு: ரத்தம், துருப்பிடித்த பழுப்பு, இளஞ்சிவப்பு நுரை. இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

ரப்பர் துண்டு போல வருவது மூச்சுக்குழாய்க்குள் காய்ந்து இறுகிய சளி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இப்படி அடிக்கடி வரும். இரவில் விசில் சத்தமோ இளைப்போ இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். உங்கள் அடைப்புக்கே அது காரணமாக இருக்கலாம்.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதி செய்தே ஆக வேண்டும். லெவோஃபிளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் சாப்பிட்டால் இருமல் குறையும், பரிசோதனையில் கிருமி தெரியாமலும் போகலாம். நோய் உள்ளே தங்கி, பிறகு திரும்ப வரும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவியிருக்கலாம், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறியிருக்கலாம். இப்படி மாதக்கணக்கில் தாமதமாக வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கசந்துவிட்டது. கொடுத்தவர் மேல் மட்டும் கோபமில்லை. நான்கு வாரம் இருமும் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாத மருத்துவ அமைப்புதான் அவரைக் கடைக்கு அனுப்புகிறது.

அந்த பேக்கேஜ் வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் நம்பத்தகாதவை. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் பட்டியலில் அதைச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனுக்கு ஆள் பிடித்து அனுப்பிக் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ‘டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எல்லாம் எடுத்துவிடுங்கள், நேரம் மிச்சம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு முதலில் வேண்டியவை இரண்டுதான்: நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை.

சளி கொடுப்பதிலும் கோளாறு நடக்கிறது. கையில் டப்பாவைக் கொடுத்து ‘துப்பிக்கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள். எப்படி என்று சொல்வதில்லை. வந்து சேர்வது எச்சில், அதில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். மற்றவர்கள் இல்லாத திறந்த வெளியில் நின்று இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக இழுத்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். ஒரு டீஸ்பூன் அளவு கெட்டிச் சளி போதும். மூடியை இறுக்கி அன்றே கொடுத்துவிடுங்கள்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். காய்ச்சலைத் தொடர்ந்து வந்த இருமலுக்கு அதைவிடச் சாதாரணமான காரணங்களே மிக அதிகம். ஆனால் புகைப்பழக்கம் இருந்தாலோ, எடை குறைந்திருந்தாலோ, சளியில் ஒரு முறையாவது ரத்தம் வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனை மருத்துவரே எழுதுவார். இரண்டு பரிசோதனையும் சரியாக இருந்தால், கிருமி போன பிறகும் மூச்சுக்குழாய் எரிச்சல் அடங்க 8 வாரம்வரை ஆகலாம். அதைத் தாண்டியும் இருமினால் மறுபடி காட்டுங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், பிரிக்காத அந்த ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.