முழு ஒடிப்பில் முன்சில்லு ஏன் துள்ளுகிறது?

நுவரெலியாக் காலைக் குளிரில் ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தினால் முன்பக்கம் 'தடக் தடக்' என்று துள்ளுவது பெரும்பாலும் பழுதல்ல.

வளைவில் உள்சில்லு வெளிச்சில்லைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். வேகத்துக்காக அமைத்த ஸ்டியரிங்கில் அந்த வித்தியாசம் போதாது. டயர் பக்கவாட்டில் இழுபடும். அகல டயரின் ரப்பர் முறுகி, பிடி விட்டுத் தாவும், மறுபடி பிடிக்கும். சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயர் இறுகிவிடுவதால் சத்தம் கூடும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அடங்கும்.

றம்பொடை வளைவுகளில் டயர் சூடான பிறகும் 'டிக் டிக்' என்று வேகத்தோடு கூடினால் கதை வேறு. முன்சில்லு இழுக்கும் காரென்றால் பெரும்பாலும் சீவி ஜொயின்ட்தான் (எஞ்சின் விசையைத் திரும்பும் சில்லுக்குக் கடத்தும் மூட்டு, CV joint). பல வேளை சில்லின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும், மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்திருக்கும். பின்சில்லு மட்டும் இழுக்கும் காரில் முன்னால் அது கிடையாது, மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்; வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.