தட்டும் கையே அடையாளம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டுக்குள் ஒளிந்திருந்து வயர்லெஸ் அனுப்பியவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்? அவர்கள் பிடிபட்டால் தலைமையகத்துக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நான் தந்தி ஆபீசில் மோர்ஸ் தட்டியே தலை நரைத்தவன். மோர்ஸ் என்றால் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் முறை. மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாலு எழுத்திலேயே தெரிந்துவிடும். ஒருவர் கோடுகளை நீட்டி இழுப்பார், இன்னொருவர் புள்ளியை விழுங்குவார். எதிரி நாடுகளுக்குள் ரகசிய ஆட்களை அனுப்பிய பிரிட்டனின் எஸ்.ஓ.இ. அமைப்பு இதைத்தான் பயன்படுத்தியது. ஆளை அனுப்புவதற்கு முன்பே அவர் தட்டும் விதத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் பயிற்சி. நடுராத்திரியில் எழுப்பி, ஜெர்மன் உடையில் வந்தவர்கள் போலி விசாரணை நடத்துவார்களாம்!

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். செய்தியில் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே ஒரு பிழை வைக்க வேண்டும். அந்தப் பிழை இல்லாமல் செய்தி வந்தால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். 1942 மார்ச்சில் நெதர்லாந்தில் பிடிபட்ட எஸ்.ஓ.இ. வயர்லெஸ்காரர் லாவெர்ஸ், லண்டனுக்குச் செய்தி அனுப்பச் சொல்லி ஜெர்மானியர் மிரட்டியபோது அந்தப் பிழையை விட்டுவிட்டுத்தான் தட்டினார். லண்டனில் இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை; அவசரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ. அப்புறமும் ஆட்களைப் பாராசூட்டில் இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கீழே காத்திருந்தது ஜெர்மானியர். அப்படிச் சிக்கியவர்கள் சுமார் ஐம்பது பேர். பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் ஜெர்மானியரின் மவுத்தவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

லாவெர்ஸ் தன் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார்.