ஹன்டர் போட்டிக்கு ஏற்ற, குதிரைக்கு நோகாத கடிவாளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பயிற்சியில் உங்கள் குதிரை, மூக்கைச் சுற்றி மேலும் கீழும் பட்டைகள் கொண்ட மிக்லெம் கடிவாளத்துடன் நிம்மதியாக இருப்பதாகவும், அமெரிக்க ஹன்டர் போட்டிக்கும் அதையே மாட்டலாமா, கூடாதென்றால் குதிரைக்கு நோகாத வேறெதை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போட்டிக்கு அதை மாட்ட வேண்டாம் என்பதே என் பதில். அதற்காகக் குதிரையின் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வர்ஜீனியாவில் ஹன்டர் பிரிவில் சவாரி செய்துவருபவள் என்ற முறையில் சொல்வதானால், மரபான கடிவாளத்தால் குதிரைகள் படும் தொல்லையில் பெரும்பகுதி அதன் வகையால் வருவதன்று, அளவு பொருந்தாததால் வருவது.

ஹன்டர் பிரிவு நரிவேட்டைக் களத்திலிருந்து வந்தது. ஜம்பர் பிரிவில் கம்பு விழுந்ததா, எத்தனை வினாடி ஆயிற்று என்பதே கணக்கு. இங்கோ குதிரையின் ஓட்டம், தடையைத் தாண்டும் அழகு, அதன் அமைதி ஆகியவற்றைப் பார்த்து நடுவர் மதிப்பெண் இடுகிறார். ஆகவே குதிரையின் தலையில் இருப்பது எதுவும் கண்ணை உறுத்தக் கூடாது. அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள் ஸ்னாஃபிள், பெல்ஹாம் என்ற பிட் (வாயிரும்பு) வகைகள், இரண்டு பிட்டுகள் கொண்ட இரட்டைக் கடிவாளம் ஆகியவற்றை, மூக்கை ஒரே சுற்றாகச் சுற்றும் சாதாரண காவெசன் மூக்குப் பட்டையுடன் பயன்படுத்தும்படி பரிந்துரைக்கின்றன. பிட்டுக்குக் கீழே வாயைச் சுற்றிக் கட்டும் ஃபிளாஷ், டிராப், எட்டு வடிவப் பட்டை முதலியவற்றுக்கு இங்கே இடமில்லை. மிக்லெமின் கீழ்ப்பட்டை பிட்டுக்குக் கீழே தாடையைச் சுற்றிச் செல்வதால், நடுவரின் கண்ணுக்கு அது டிராப் பட்டையின் உறவாகவே தெரியும். தடை தாண்டும் சுற்றுகளில் பலர் மாட்டும் ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேலையும் (குதிரை தலையை மிக உயர்த்தாமல் தடுக்கும் வார்) காவெசனின் பின்புறத்தில்தான் கோக்க வேண்டும். (தடையில்லாத சமதளச் சுற்றில் எந்த மார்ட்டிங்கேலுக்கும் அனுமதியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.)

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் மூக்குப் பட்டையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நான் நெற்றிப் பட்டையிலிருந்து தொடங்கச் சொல்வேன். நெற்றிப் பட்டை குட்டையாக இருந்தால், உச்சந்தலையின் மேல் செல்லும் பட்டையை அது முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டை இரண்டு காதுகளின் அடியிலும் அறுக்கும். தலையை உலுக்குவது, காதைப் பின்னால் மடக்குவது, கடிவாளம் மாட்ட வரும்போதே தலையைத் தூக்கிக்கொள்வது என்று நாம் குணக்கேடாக எண்ணும் பலவும் இதனால் வரக்கூடியவை. என் தரோபிரெட் இனப் பெண்குதிரைக்கு நீண்டு குறுகிய முகம், ஆனால் அகன்ற நெற்றி. ‘ஃபுல்’ அளவுக் கடிவாளம் முகத்துக்குச் சரியாக அமைந்தது; நெற்றிப் பட்டையை மட்டும் ‘ஓவர்சைஸ்’ அளவில் தனியாக வாங்கி மாற்றியபின், மாட்டும்போது காதைத் தொடவிடாமல் அது காட்டிய முரண்டு தணிந்தது. கடிவாளத்தை உறுப்பு உறுப்பாக, வெவ்வேறு அளவில் விற்கும் கடையைத் தேடுவது அலைச்சல்தான். ஆயினும் விலையுயர்ந்த மெத்தை வேலைப்பாட்டைவிட அந்த அலைச்சலுக்கே பலன் அதிகம்.

அடுத்தது உச்சிப் பட்டை. பழைய முறையில் மூக்குப் பட்டையைத் தாங்கும் மெல்லிய வார் உச்சிப் பட்டைக்கு அடியில் தனியாகச் செல்லும். மேலேயுள்ள அழுத்தமெல்லாம் அந்த ஒல்லி வாரின் வழியாக ஒரே கோட்டில் இறங்கும். இதனால், எல்லா வார்களும் ஒரே அகலப் பட்டையிலிருந்து கிளைக்கும் மோனோகிரவுன் அமைப்பே மேல். காதுகளின் பின்னால் அது வளைத்து வெட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பிடரிமயிரும் காதும் பாதி மறைக்கும் இடம் என்பதால் இந்த மாற்றத்தை எந்த நடுவரும் குறையாகக் கொள்வதில்லை. மெத்தை தடிமனாக இருந்தால் நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்: இறுக்கமான செருப்புக்குள் தடித்த காலுறை போட்டதைப் போல, உள்ளிடத்தை அது இன்னும் குறைத்துவிடும். வெட்டும் அகலமும் சரியாக இருந்தால் மெல்லிய மெத்தையே போதும்.

மூக்குப் பட்டை கன்ன எலும்பின் மேட்டுக்கு ஏறக்குறைய இரண்டு விரற்கடை கீழே அமைய வேண்டும். அந்த மேட்டின் மேலேயே உரசக் கூடாது, மூக்கெலும்பு முடியும் மென்மையான இடம்வரை இறங்கவும் கூடாது. இறுக்கத்தை மூக்குத்தண்டின் மேல் நடுவில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். கன்னத்தோரத்தில் பார்த்தால் தளர்வாக இருப்பதுபோல் ஏமாற்றும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் போட்டிகளுக்கு வந்த 750 குதிரைகளை அளந்தபோது, 44 சதவீதத்துக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. இரண்டு விரல் நுழைந்தவை 7 சதவீதமே. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்து, 1.5 சென்டிமீட்டர் இடைவெளியைக் கட்டாயமாக்கியது. அந்த விதி அமெரிக்க ஹன்டர் களத்துக்கு உரியதன்று. ஆனால் குதிரையின் மூக்கு எல்லாக் களத்திலும் ஒன்றுதான். இரட்டை வார் ஓடும் கிராங்க் வகை மூக்குப் பட்டையை நான் தவிர்க்கிறேன், கை அறியாமலே அதை மிகையாக இறுக்கிவிடலாம்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுப்புத் தோல், வெள்ளி நிறக் கொக்கிகள், பின்னல் வேலை செய்த பிடிவார், டி வடிவ வளையம் கொண்ட ஸ்னாஃபிள் ஆகியவை இருந்தால் எந்தப் போட்டிக் களத்துக்குள்ளும் கூச்சமின்றி நுழையலாம். கறுப்புத் தோலையும் கல் பதித்த நெற்றிப் பட்டையையும் டிரஸாஜ் என்ற நடையழகுப் போட்டிக்கு விட்டுவிடுங்கள். மெல்லிய தலைக்கு ஒடுக்கமான பட்டையும், வார்ம்பிளட் போன்ற இனங்களின் கனத்த தலைக்கு அகன்ற பட்டையும் எடுப்பாக இருக்கும். உள்மெத்தை பட்டையின் நிறத்திலேயே இருக்கட்டும். விலை குறைந்த கடிவாளங்களில் பல கான்பூரில் தைக்கப்பட்டவை. ஊர்ப்பெயரைப் பார்த்துத் தள்ளிவிடாமல், தோலை மடக்கி அது வெடிக்கிறதா, தையல் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் எல்லாக் கொக்கியும் நடுத்துளையில் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் தோல் பழகப் பழக நீளும். ஏற்கெனவே கடைசித் துளையில் நிற்கும் வார் பிறகு சரிவராது. தொண்டைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையில் நான்கு விரல் செங்குத்தாக நுழைய வேண்டும். போட்டிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே எண்ணெய் பூசி, வீட்டில் மாட்டி ஓட்டிவிட்டுக் கழற்றும்போது காதின் அடியிலும் கன்ன மேட்டிலும் மயிர் கலைந்தோ தேய்ந்தோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மிக்லெமை விற்றுவிட வேண்டாம், அன்றாடப் பயிற்சிக்கு அதுவே இருக்கட்டும்.