சனிக்கிழமை அடுப்பு மூட்டாத யூதர்கள் சூடாகச் சாப்பிடுவது எப்படி?

சமைக்கத்தான் தடை, சூடாகச் சாப்பிட இல்லை. சப்பாத் என்ற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை போகும். அதுவரை நெருப்பு மூட்டுவது, சமைப்பது, எழுதுவது என 39 வகை வேலைகள் கூடாது, மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் மின்சார சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். அதனால் எல்லாச் சமையலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். பல ஊர்களில் அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு சப்பாத்தை வரவேற்கும் மெழுகுவத்தியை ஏற்றுவார்கள், ஜெருசலேமில் 40 நிமிடம்.

சரி, சூடு? இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு போட்டு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் செய்யும் சோலண்ட்டை வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றிவிட்டால், ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் கிடந்து சனி மதியம் குழைந்து தயாராக இருக்கும். ஈராக்கிய யூதர்களுக்கு இதே வேலையைச் செய்வது தபீத், கோழிக்குள்ளும் சுற்றிலும் அரிசி வைத்து வேகவிடுவது, என்னைக் கேட்டால் இதுதான் ஒரு படி மேலே. விளக்குகளுக்கு டைமர் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தயங்கவே மாட்டார்கள், போனை எடுத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுவது அப்போது கடமை.

அப்புறம், வெள்ளி இரவு அப்படி ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் பழக்கதோஷத்தில் பாத்ரூம் விளக்கை அணைத்துவிடாதீர்கள், மறுநாள் இரவுவரை அவர்கள் இருட்டில்தான் போக வேண்டியிருக்கும்.