சர்க்கரை நார்மலாக இருக்கும் குண்டான பிள்ளைக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்குமா?

இருக்கலாம். இன்சுலின் எதிர்ப்பு என்றால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைப் பல வருடம் கட்டுக்குள் வைத்துவிடும், அதனால் சர்க்கரையை மட்டும் பார்த்தால் தெரியாது. வெறும் வயிற்றில் இன்சுலினையும் சேர்த்து எடுத்து, இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் வருவதுதான் ஹோமா-ஐஆர், அதாவது இந்த எதிர்ப்பைக் காட்டும் எண்: சர்க்கரை 90 மி.கி., இன்சுலின் 18 மைக்ரோயூனிட் என்றால் 4, இது கவனிக்க வேண்டிய எண். ஆனால் பருவமடையும் வயதில் இந்த எதிர்ப்பு இயல்பாகவே கூடி அப்புறம் இறங்கும், ஆகவே பெரியவர்களுக்குச் சொல்லும் 2.5 என்ற வரம்பை அப்படியே போட்டுப் பயப்படாதீர்கள். இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும் வேறு. கொழுப்புப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) கூடி எச்டிஎல் (நல்ல கொழுப்பு) குறைந்திருப்பதும் நல்ல துப்பு, செலவும் குறைவு. கழுத்து மடிப்பில் கருமை படர்வதும் இந்த எதிர்ப்பின் அடையாளம், அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.