வாசகர் கேள்வி-பதில்: சாம்பல் இருவாச்சியை எண்ணுவது எப்படி?

கேள்வி: விடியற்காலையில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மேலே, யாரோ உரக்கச் சிரிப்பதுபோல் கத்திக்கொண்டு ஒரு பறவை போகிறது. இருவாச்சி என்கிறார்கள். படத்தில் பார்த்த இருவாச்சியோ கறுப்பும் வெள்ளையுமாய் மிகப் பெரிதாக இருக்கிறதே? – வாசகி, தடிக்காரன்கோணம்

பதில்: இரண்டும் இருவாச்சிதான். படத்தில் இருப்பது கேரளத்தின் மாநிலப் பறவையான பெரிய இருவாச்சி. அலகின் மேல் மஞ்சள் கொம்பு இருக்கும், சிறகோசை தூரத்திலிருந்தே கேட்கும். சிரிப்பதுபோல் கத்துவது மலபார் சாம்பல் இருவாச்சி. காக்கையைவிடச் சற்றுப் பெரியது, கொம்பு கிடையாது. ஆணின் அலகு செம்மஞ்சள். பெண்ணின் அலகு வெளிர்மஞ்சள், கீழலகின் அடியில் கறுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இது இல்லை. 2020 முதல் உலகச் செம்பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள பறவைகளுள் ஒன்றாக இருக்கிறது.

வறண்ட காடுகளில் வாழும் இந்திய சாம்பல் இருவாச்சிக்குச் சிறு கொம்பு உண்டு. குறிப்பில் வெறுமனே ‘சாம்பல் இருவாச்சி’ என்று எழுதினால் பின்னால் எது என்று பிரிக்க முடியாது. ‘மலபார்’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை சுற்றுவட்டாரத்தில் இதைக் கணக்கெடுக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது? – வாசகர், குலசேகரம்

பதில்: முதல் வேலை பறவை பார்ப்பதல்ல, இடம் குறிப்பது. நடந்துபோகும் பாதை ஒன்றைத் தேர்ந்து, அதில் 300 மீட்டருக்கு ஒன்றாக எட்டுப் பத்து இடங்களைக் குறியுங்கள். அதைவிட நெருங்கினால் ஒரே பறவையின் குரல் இரண்டு இடத்திலும் கணக்கில் ஏறிவிடும். பாதி இடங்கள் காட்டோரத்திலும் மீதி ரப்பர், வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கட்டும். கோதையாறு போல நீர் இரைச்சல் உள்ள இடங்களைத் தவிருங்கள். இந்தப் பறவையைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். இரைச்சலில் அது கேட்காது. சரணாலய எல்லைக்குள் போவதென்றால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் காலடி வைக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை, சூரியன் உதித்து அரைமணி கழிந்ததும் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பேசாமல் 10 நிமிடம். கண்டவை எத்தனை, குரல் மட்டும் கேட்டவை எத்தனை, 50 மீட்டருக்கு உள்ளேயா வெளியேயா என்று தனித்தனியாக எழுதுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் எண்ணாதீர்கள். கூட வருகிறவர் மாறினால் காதும் மாறிவிடும். ஆகவே, ஒரு பாதைக்கு ஓராண்டு முழுவதும் அதே இருவர்தான் போக வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது, ஒன்றும் தென்படாத நாளை எழுதாமல் விடுவது. அந்தச் சுழியம் இல்லாமல் பறவை குறைகிறதா என்று ஒருபோதும் சொல்ல முடியாது. இரண்டாவது, பழுத்த ஆலமரத்தைத் தேடிப் போய் எண்ணுவது. சுற்றுவட்டாரப் பறவைகளெல்லாம் அங்கே கூடியிருக்கும், எண்ணிக்கை எகிறும். அடுத்த மாதம் பழம் தீர்ந்ததும் ஒன்றும் இருக்காது. பறவை அழிந்துவிட்டதாக நினைப்பீர்கள். உங்கள் இடத்தருகே ஆலோ அத்தியோ பழுத்திருந்தால் அதையும் குறிப்பில் சேருங்கள். ஓராண்டுக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறைந்தது ஐந்தாண்டு வேண்டும். எழுதியதை அன்றே, பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் முழுப்பட்டியலாக (அன்று அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்து) ஏற்றிவிடுங்கள், நோட்டுப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளர்களிடமும் காணிப் பழங்குடி மக்களிடமும் பேசுங்கள். விடியும் முன்பே தோட்டத்திலும் காட்டிலும் இருப்பவர்கள் அவர்கள்தான். கேரளத்தின் வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பதில் முன்நிற்பவர்கள் காடர் பழங்குடியினர். அங்கு முடிந்தது இங்கும் முடியும்.

கேள்வி: ஒரு மரப்பொந்தை ஆண் பறவை அடிக்கடி வந்து பார்க்கிறது. கூடுதானா என்று எப்படி உறுதி செய்வது? படம் எடுத்துப் போடலாமா? – வாசகர், திற்பரப்பு

பதில்: படத்தைப் போடாதீர்கள். இடத்தையும் சொல்லாதீர்கள்.

ஜனவரி முதல் மே வரை இதன் கூடு கட்டும் காலம். பெண் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் உணவுச் சக்கையாலும் வாயைப் பூசி, அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் விடும். உள்ளேயே சிறகுகளை உதிர்த்துவிடுவதால் அதனால் பறக்க முடியாது. அடைகாப்பதற்கே ஏறத்தாழ 40 நாள். அத்தனை நாளும் வெளியே இருக்கும் ஒற்றை ஆண்தான் உணவு ஊட்டும். நீங்கள் அருகில் நின்றால் அது பழத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பக்கத்து மரத்திலேயே காத்திருக்கும். அங்கே போகும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளிருப்பவைக்குப் பட்டினி.

ஆகவே குறைந்தது 50 மீட்டர் தள்ளி, மறைவில் உட்காருங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் போதும். பூசிய வாய், அதில் செங்குத்தான கீறல், மரத்தடியில் விதையும் எச்சமும் குவிந்திருப்பது – இவையே கூட்டின் அடையாளம். ஆண் வந்த நேரத்தையும் கொண்டுவந்தது பழமா, பூச்சியா, ஓணானா என்பதையும் எழுதுங்கள். பூச்சியும் ஓணானும் கூடினால் குஞ்சு பொரித்திருக்கும். ஆணைக் காணவில்லை என்றால் மரம் ஏறிப் பார்க்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் டிரோன் விடுவதும் கூடவே கூடாது.

கேள்வி: பெட்டிக்கூடு செய்து மாட்டலாமா? – வாசகர், அருமனை

பதில்: இப்போது வேண்டாம். தாய்லாந்தில் பெட்டி வைத்தும், பழைய பொந்துகளின் அமிழ்ந்த தரையை மண்ணிட்டு உயர்த்தியும் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது பல்லாண்டு ஆய்வுக்குப் பின் செய்தது. கவனிப்பாரில்லாத பெட்டியில் தேனீ குடியேறும், வெயிலில் அது கொதிக்கும். இருவாச்சியால் பொந்து குடைய முடியாது, கிடைத்ததில்தான் குடியிருக்கும். உங்கள் நிலத்தில் கிளை முறிந்து உள்ளே கோறையான முதிய அயனியோ தான்றியோ நின்றால், விறகுக்கோ பலகைக்கோ கொடுக்காமல் விட்டுவிடுங்கள். எந்தப் பெட்டியும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: மூன்று ஏக்கர் ரப்பர். மறுநடவு செய்யப் போகிறேன். இருவாச்சிக்காக ஏதேனும் நட முடியுமா? – விவசாயி, பேச்சிப்பாறை

பதில்: முடியும். ரப்பரை 25–30 ஆண்டில் வெட்டிவிடுவதால் அதில் பொந்து விழ வாய்ப்பில்லை, இருவாச்சிக்கு ஏற்ற பழமும் இல்லை. ஆகவே எல்லையிலும் ஓடைக்கரையிலும் ஆல், இச்சி, அத்தி நடுங்கள். ஆலுக்குப் போத்து எளிது: மணிக்கட்டுப் பருமனில் ஆறடிக் கிளையை வெட்டி, ஒன்றரை அடி ஆழத்தில், ஜூன் மழை பிடித்ததும் ஊன்றுங்கள். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் துளிர்க்கும் என்பதே இதில் பெரிய லாபம். ரப்பர் வரிசையிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும், இல்லாவிட்டால் நிழல் விழுந்து பால் குறையும். காட்டு ஜாதிக்காய் விதை கிடைத்தால் காயவைக்காமல் உடனே நிழலில் ஊன்றுங்கள். காய்ந்தால் முளைக்காது. சரணாலயத்துக்குள்ளிருந்து மட்டும் விதை பொறுக்காதீர்கள். நாற்று எங்கே கிடைக்கும் என்பதை வனத்துறை அலுவலகத்தில் மே மாதமே விசாரித்து வையுங்கள்.